சின்னக் குழந்தைகளுக்குக் கணக்கும் அறிவியலும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரையுள்ள குழந்தைகளோடு பல ஆண்டுகள் பழகியிருக்கிறேன். அவர்களுடைய பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. சிலவற்றுக்கு நாலு வரி போதும். சிலவற்றுக்குக் கொஞ்சம் நீளமாகவே பேச வேண்டியிருக்கிறது. அங்கேதான் பெரியவர்கள் நல்ல எண்ணத்தோடு அவசரப்பட்டுவிடுகிறோம்.

இவ்வளவு சின்ன வயதில் கணக்கும் அறிவியலும் எதற்கு? பள்ளிக்குப் போய்ப் படித்துக்கொள்ள மாட்டார்களா?

பள்ளிக்குப் போவதற்கு வெகு முன்பே அவர்கள் தொடங்கிவிடுகிறார்கள். 1992-ல் கேரன் வின் என்ற உளவியலாளர் ஐந்து மாதக் குழந்தைகளுக்கு ஒரு பொம்மையைக் காட்டினார். அதைத் திரையால் மறைத்தார். பிறகு இன்னொரு பொம்மையைத் திரைக்குப் பின்னால் வைப்பதையும் அவர்கள் பார்க்கும்படி செய்தார். திரை இறங்கியபோது இரண்டு பொம்மைகள் இருந்தால் குழந்தைகள் சீக்கிரம் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். ஒன்றே ஒன்று இருந்தால் நெடுநேரம் உற்றுப் பார்த்தார்கள். எங்கோ கணக்கு இடிக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 2000-ல் வெளியான இன்னொரு ஆய்வில், ஆறு மாதக் குழந்தைகள் 8 புள்ளிகளையும் 16 புள்ளிகளையும் வேறுபடுத்தினார்கள். 8-க்கும் 12-க்கும் வேறுபாடு தெரியவில்லை. அதாவது பேச்சு வருவதற்கு முன்பே அளவைப் பற்றிய ஓர் உணர்வு இருக்கிறது, ஆனால் அது கரடுமுரடானது. அதைக் கூர்மையாக்கத்தான் சொற்களும் பழக்கமும் வேண்டும்.

2007-ல் கிரெக் டங்கனும் அவருடைய குழுவினரும் ஆறு நீண்டகால ஆய்வுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பள்ளியில் சேரும்போது ஒரு குழந்தைக்கு இருக்கும் எண் அறிவு, பின்னாளில் அந்தக் குழந்தை எப்படிப் படிக்கும் என்பதை மற்ற எதையும் விடத் தெளிவாகக் காட்டியது. வாசிப்புத் திறனும் கவனிக்கும் திறனும்கூட அதற்கு அடுத்துதான் வந்தன. இதைப் படித்துவிட்டு நாளைக்கே கழித்தல் கணக்குப் போடச் சொல்லிவிடாதீர்கள். தொடக்கத்து எண் அறிவும் பின்னாள் படிப்பும் சேர்ந்து வருகின்றன என்றுதான் அந்த ஆய்வு சொல்கிறது. கணக்கை முன்கூட்டியே திணித்தால் எல்லாம் கைகூடும் என்று சொல்லவில்லை.

என் மகள் நூறு வரை கடகடவென்று சொல்கிறாள். அப்படியென்றால் எண்ணத் தெரியும்தானே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன்.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ஒரு கிண்ணத்தில் பத்துப் பதினைந்து பொத்தான்களைப் போட்டு, "எனக்கு அஞ்சு பொத்தான் குடு" என்று கேளுங்கள். நூறு வரை சொல்லும் குழந்தை ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுக்கலாம். "அஞ்சு இருக்கா? எண்ணிப் பாரு" என்றால், ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏழு வரை சரியாக எண்ணிவிட்டு, "இருக்கு" என்றும் சொல்லலாம். குழந்தை பொய் சொல்லவில்லை, விளையாடவும் இல்லை. எண்களின் வரிசை அவளுக்குப் பாட்டு மாதிரி மனப்பாடமாகியிருக்கிறது. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தத்தின் அளவு என்பது இன்னும் அவளுக்குப் பிடிபடவில்லை.

எண்ணுவதற்குள் பல அறிவுகள் ஒளிந்திருக்கின்றன. ஒரு பொருளுக்கு ஓர் எண்தான் சொல்ல வேண்டும். எண்களின் வரிசை மாறக் கூடாது. கடைசி எண்தான் மொத்தம். எந்தப் பொருளையும் எண்ணலாம். இடமிருந்து எண்ணினாலும் வலமிருந்து எண்ணினாலும் விடை ஒன்றே. ரோச்செல் கெல்மன், சார்லஸ் கேலிஸ்டல் என்ற உளவியலாளர்கள் 1978-ல் இவற்றைப் பிரித்துக் காட்டினார்கள். பெரியவர்களான நமக்கு இவையெல்லாம் ஒரே செயலாகத் தெரிவதால், குழந்தை எந்த இடத்தில் நிற்கிறது என்பது நம் கண்ணில் படுவதே இல்லை. மூன்றாவதான "கடைசி எண்தான் மொத்தம்" என்பது பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்றரை, நான்கு வயதை ஒட்டித்தான் விளங்குகிறது. முதலில் "ஒன்று" புரியும். சில மாதங்கள் கழித்து "இரண்டு". அப்புறம் "மூன்று". பிறகு ஒரு நாள் எல்லா எண்களுக்கும் சேர்த்துக் கதவு திறந்துகொள்ளும். அந்த நாளை நேரில் பார்க்கக் கிடைப்பது பெரிய பாக்கியம்.

அதுவரை என்ன செய்யலாம்? கண்முன் இருக்கும் பொருள்களை எண்ணுங்கள். எண்ணி முடித்ததும் மொத்தத்தையும் சொல்லுங்கள்: "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. மொத்தம் நாலு சாக்ஸ்." அந்த "மொத்தம் நாலு" என்ற இரண்டு சொற்கள்தான் மருந்து. சிகாகோவில் சூசன் லெவினும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 44 குடும்பங்களில், குழந்தைகளின் 14-வது மாதத்திலிருந்து 30-வது மாதம் வரை, வீட்டுப் பேச்சைப் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவுகள் முழுவதிலும் சேர்த்து ஒரு பெற்றோர் சொன்ன எண் சொற்கள் வெறும் 4. இன்னொருவர் சொன்னவை 257. எண்களை அதிகம் கேட்டு வளர்ந்த குழந்தைகள் நான்கு வயதை நெருங்கும்போது "மொத்தம்" என்பதை நன்றாகப் புரிந்திருந்தார்கள்.

தமிழில் எண்ணச் சொல்லித்தருவதா, ஆங்கிலத்திலா?

வீட்டில் பேசும் மொழியில். தமிழ் எண்களுக்குள் கணக்கின் அமைப்பு வெளிப்படையாகவே இருக்கிறது. பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும். இருபத்து மூன்று என்றால் இரு பத்தும் மூன்றும். ஆங்கிலத்தின் லெவன், ட்வெல்வ் என்ற சொற்களில் பத்து எங்கே இருக்கிறது என்று குழந்தைக்குத் தெரியாது. சீன மொழியிலும் நம்மைப் போலவே "பத்து ஒன்று, பத்து இரண்டு" என்றுதான் சொல்கிறார்கள். பத்தைத் தாண்டும் இடத்தை அமெரிக்கக் குழந்தைகளைவிடச் சீனக் குழந்தைகள் எளிதாகக் கடக்கிறார்கள் என்பதை 1990-களின் ஆய்வுகள் காட்டின.

தமிழில் ஒரே ஒரு குறும்புக்கார இடம் உண்டு. ஒன்பது, இருபது முப்பது போல ஒலித்தாலும் ஒற்றை இலக்கத்தில் இருக்கிறது. தொண்ணூறு, நூறு போல ஒலித்தாலும் பத்துகளில் இருக்கிறது. தொள்ளாயிரமும் அப்படியே. எண்பத்தொன்பதுக்கு அப்புறம் குழந்தை திக்கினால் திட்டாதீர்கள். அங்கே தடம் மாறுவது மொழி, குழந்தை அல்ல.

இருபத்தொன்பதுக்கு அடுத்து "இருபத்திப் பத்து" என்று ஒரு குழந்தை சொன்னால் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கும். மனப்பாடத்தைத் தாண்டி விதியைத் தானே பிடித்துவிட்டது என்பதற்கு அது சாட்சி.

விரல் விட்டு எண்ணுகிறான். நிறுத்தலாமா?

வேண்டாம். விரல்கள் எப்போதும் கூடவே இருக்கும் கருவி, அதுவும் பத்து இருப்பது நம் எண் முறைக்கே பொருத்தம். தேவை தீர்ந்ததும் குழந்தையே விட்டுவிடும். மேசைக்கு அடியில் ஒளித்து எண்ணும் நிலைக்கு ஒரு குழந்தையைத் தள்ளுவதுதான் கெடுதல்.

வாய்ப்பாடு எப்போது தொடங்கலாம்?

பெருக்கல் என்றால் என்ன என்று கையால் செய்து பார்த்த பிறகு. மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு கூழாங்கற்கள். அதையே பக்கவாட்டில் நின்று பார்த்தால் நான்கு வரிசை, வரிசைக்கு மூன்று. கல் ஒன்றுகூட நகரவில்லை, ஆகவே மூன்று நான்கும் நான்கு மூன்றும் ஒன்றுதான். இதைக் கண்ட குழந்தைக்கு வாய்ப்பாட்டில் பாதிச் சுமை குறைந்துவிடும். அப்புறம் மனப்பாடம் செய்யட்டும், அதில் தப்பில்லை. வாய்ப்பாடு நாக்கில் இருந்தால் பெரிய கணக்குகளில் மூளைக்கு இடம் மிச்சமாகும்.

வொர்க்‌ஷீட் நிறையப் போடுகிறான், எல்லாம் சரியாக இருக்கிறது. போதாதா?

8 + 4 = □ + 5 என்று எழுதிக் காட்டுங்கள். பல குழந்தைகள் கட்டத்தில் 12 என்று எழுதுவார்கள். சிலர் எல்லாவற்றையும் கூட்டி 17 என்பார்கள். விடை 7. சமன் குறிக்கு "இரண்டு பக்கமும் ஒரே அளவு" என்பதுதான் பொருள். ஆனால் பக்கம் பக்கமாக ஒரே அச்சில் கணக்குப் போட்டுப் பழகிய குழந்தைக்கு "இங்கே விடை எழுது" என்பதற்கான அடையாளமாக அது மாறிவிடுகிறது. பின்னால் இயற்கணிதம் வரும்போது இந்தத் தவறான புரிதல் பெரிதாக இடறும். ஒரு தராசை வைத்து, இரண்டு தட்டிலும் ஒரே அளவு கட்டைகள் வைத்து விளையாடவிட்டால் பத்து நிமிடத்தில் சரியாகும் விஷயம் இது.

அறிவியல் என்று வீட்டில் எதைச் சொல்லித்தருவது? கருவி எதுவும் இல்லையே.

ஒரு வாக்கியம் போதும்: "என்ன ஆகும்னு நினைக்கிறே?"

ஒன்றைச் செய்து பார்ப்பதற்கு முன்னால் இதைக் கேட்க வேண்டும். செய்த பிறகு கேட்டால் பயனில்லை. குழந்தை முதலில் ஓர் ஊகத்தைச் சொல்லி, அப்புறம் நடப்பதைப் பார்த்து, இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் அங்கே ஒரு தவிப்பு வரும். அந்தத் தவிப்பில் இருந்துதான் அறிவியல் பிறக்கிறது. வண்ணத் திரவங்கள் பொங்கும் வேடிக்கைச் சோதனைகளில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை. கை தட்டுகிறார்கள், முடிந்துவிடுகிறது. ஊகம் இல்லாத சோதனை வெறும் காட்சி.

ஒரு தாளும் ஒரு சின்னக் கல்லும் எடுத்து, "எது முதல்ல விழும்?" என்று கேளுங்கள். "கல்லு, ஏன்னா அது கனம்" என்று சொல்லும். சரி, கல்தான் முதலில் விழும். இப்போது அதே மாதிரி இரண்டு தாள்கள். ஒன்றைக் கசக்கி உருண்டையாக்குங்கள். "இப்ப எது?" கனம் மாறவே இல்லை, ஆனால் உருண்டை முந்திக்கொள்கிறது. "கனம்" என்ற விளக்கம் அங்கேயே ஆட்டம் காணும். காற்றைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். தாளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து, அடுத்த நாளோ அடுத்த வாரமோ குழந்தையே காற்றுக்கு வந்து சேரலாம்.

களிமண் உருண்டை தண்ணீரில் மூழ்கும். அதே களிமண்ணைக் கிண்ணம் போலத் தட்டிவிட்டால் மிதக்கும். காந்தம் இரும்பை இழுக்கும், ஆனால் அலுமினியத்தையோ செம்பையோ இழுக்காது. "உலோகம்னா ஒட்டும்" என்ற ஊகம் அங்கே உடையும். வெயிலில் குழந்தையை ஒரே இடத்தில் நிற்கவைத்து, காலை, நண்பகல், மாலை என்று மூன்று முறை நிழலைச் சாக்பீஸால் வரைந்து, காலடியால் அளந்து பாருங்கள். அதற்குள் அளவு, ஒப்பீடு, பதிவு எல்லாம் வந்துவிட்டன. கணக்கும் அறிவியலும் வேறு வேறு பாடம் என்பது கால அட்டவணைக்குத்தான். குழந்தைக்கு அப்படிப் பிரிவினை கிடையாது.

ஓர் எச்சரிக்கை. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் கையில் வாயில் போடக்கூடிய சின்னப் பொருள் எதையும் தராதீர்கள். சின்னக் காந்தங்களையும் பொத்தான் பேட்டரிகளையும் எந்த வயதுக் குழந்தைக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். இரண்டு காந்தங்களை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போடும். பேட்டரி சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

குழந்தை தவறாக விளக்கம் சொன்னால் உடனே திருத்த வேண்டுமா?

முதலில் கேளுங்கள். தவறான விளக்கத்துக்குள் அநேகமாக ஒரு நல்ல தர்க்கம் இருக்கும்.

"பூமி உருண்டை" என்று எல்லாக் குழந்தையும் சொல்லும். ஸ்டெல்லா வோஸ்னியாடூவும் வில்லியம் புரூவரும் 1992-ல் வெளியிட்ட ஆய்வில், அப்படிச் சொன்ன பள்ளிக் குழந்தைகளிடம் மேலும் துருவிக் கேட்டார்கள். சிலருடைய மனதில் பூமி தட்டு மாதிரி வட்டமாக இருந்தது. சிலருக்கு உள்ளே குடைந்த பந்து. அதற்குள் சமதரையில் நாம் நிற்கிறோம். சிலருக்கு இரண்டு பூமி. ஒன்று வானத்தில் உருண்டையாக, இன்னொன்று காலடியில் தட்டையாக. கண்ணுக்குத் தெரியும் தட்டையான தரையையும் பெரியவர்கள் சொன்ன உருண்டையையும் ஒன்றுசேர்க்க அவர்கள் எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் பாருங்கள்! "உருண்டை" என்ற விடையோடு நாம் நிறுத்தியிருந்தால் இதில் எதுவுமே தெரிந்திருக்காது.

ஜீன் பியாஜே என்ற உளவியலாளர் செய்த தண்ணீர்ச் சோதனையும் இப்படித்தான். ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் சம அளவு தண்ணீர். ஒன்றை ஒல்லியான உயரமான டம்ளருக்கு மாற்றினால், ஐந்து வயதுக் குழந்தை அநேகமாக "இதுலதான் அதிகம்" என்று சொல்லும். "இல்லை, சமம்தான்" என்று நீங்கள் நூறு முறை சொன்னாலும் ஏறாது. ஊற்றி, திருப்பி ஊற்றி, தானே செய்து பார்க்கட்டும். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஏழு வயதுவாக்கில் அது தெளிந்துவிடும்.

நான் இரண்டு கேள்விகளை மட்டும் வைத்திருக்கிறேன். "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்பது ஒன்று. "அது சரியான்னு எப்படிப் பார்க்கலாம்?" என்பது இன்னொன்று. விடை சரியாக இருக்கும்போதும் இவற்றைக் கேட்க வேண்டும், இல்லையென்றால் "கேள்வி கேட்டால் தப்பு பண்ணிட்டோம்" என்று குழந்தை பழகிவிடும்.

"ஏன், ஏன்" என்று கேட்டுத் துளைக்கிறாள். எனக்கே விடை தெரியாவிட்டால்?

"எனக்கும் தெரியலை, வா பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். பெரியவர்களும் தெரியாமல் இருக்கலாம், தெரிந்துகொள்ள வழி உண்டு என்ற இரண்டு பாடங்களும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கின்றன.

விடை தெரிந்தாலும் கொஞ்சம் பொறுங்கள். எலிசபெத் போனவிட்ஸும் குழுவினரும் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், பல ரகசியங்கள் ஒளிந்த ஒரு பொம்மையைக் குழந்தைகளிடம் கொடுத்தார்கள். ஒரு குழாயை இழுத்தால் சத்தம் வரும், இன்னொரு இடத்தில் விளக்கு எரியும், வேறோர் இடத்தில் இசை, ஒரு மூலையில் கண்ணாடி. சில குழந்தைகளுக்கு, "இது இப்படித்தான் வேலை செய்யும்" என்று ஒன்றை மட்டும் செய்து காட்டினார்கள். வேறு சிலருக்கு அதே செயல் தற்செயலாக நடந்தது போலக் காட்டினார்கள். சொல்லித்தரப்பட்ட குழந்தைகள் அந்த ஒன்றையே செய்துவிட்டுச் சீக்கிரம் நிறுத்திவிட்டார்கள். மற்ற ரகசியங்களைக் குறைவாகவே கண்டார்கள். "பெரியவங்க காட்டிட்டாங்க, அவ்வளவுதான் இருக்கும்" என்று அவர்கள் நினைத்ததிலும் நியாயம் இருக்கிறது. சொல்லித்தருவதே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. குழந்தை தேடிக்கொண்டிருக்கும்போது இடையில் புகாதீர்கள்.

என்ன மாதிரி விளையாட்டுப் பொருள் வாங்கலாம்?

எண் எழுதிய கட்டங்களில் காய் நகர்த்தும் ஒரு விளையாட்டு, நிறைய மரக்கட்டைகள். இவை இரண்டும் போதும்.

ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் 2008-ல் 1 முதல் 10 வரை நேர்வரிசையில் எழுதிய ஒரு கட்ட விளையாட்டைக் குழந்தைகளோடு ஆடினார்கள். இரண்டு வாரத்தில் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம்தான். எண்களை ஒப்பிடுவதிலும் வரிசையில் எங்கே இருக்கும் என்று ஊகிப்பதிலும் குழந்தைகள் தெளிவாக முன்னேறினார்கள். எண்ணுக்குப் பதில் நிறம் தீட்டிய பலகையில் ஆடியவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. ஒரு நுணுக்கம்: காய் 3-ல் நிற்கும்போது 2 விழுந்தால் "ஒண்ணு, ரெண்டு" என்று நகர்த்தாமல், "நாலு, அஞ்சு" என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்த்தப் பழக்குங்கள். பலன் அதில்தான் இருக்கிறது.

கட்டைகளும் ஜிக்சாவும் இடத்தைப் பற்றிய அறிவை வளர்க்கும். உருவத்தை மனதில் திருப்பிப் பார்ப்பது, பொருந்துமா என்று ஊகிப்பது போன்ற திறன்கள் பிறவியிலேயே முடிவாகிவிடுவதில்லை, பயிற்சியால் கூடும் என்பதை 2013-ல் 217 ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். விளையாடும்போது "மேலே, கீழே, ஓரம், மூலை, குறுக்கே, சரிவு" போன்ற சொற்களைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

ஆப் போட்டுக் கொடுக்கலாமா?

உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னபடி, இரண்டு வயதுக்குக் கீழே திரை முன் உட்காரவைக்க வேண்டாம். இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. மற்றபடி, நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் ஆப் உதவலாம். 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், தூங்கப்போகும் முன் பெற்றோரும் குழந்தையும் சேர்ந்து கணக்குக் கதை படித்துப் பேசிக்கொள்ளும் ஓர் ஆப், குழந்தைகளின் கணக்கை முன்னேற்றியது. கணக்குக்குப் பயப்படும் பெற்றோரின் வீடுகளில் அந்தப் பலன் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

எனக்கே கணக்கு என்றால் பயம். என் பயம் குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளுமா?

ஒட்டிக்கொள்ளலாம், தடுக்கவும் முடியும். 2015-ல் எரின் மலோனியும் குழுவினரும் கண்டது இது: கணக்குப் பயம் உள்ள பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவியபோது குழந்தைகள் அந்த ஆண்டில் குறைவாகவே கற்றார்கள். அதே பயம் இருந்தும் அடிக்கடி உதவாத பெற்றோரின் குழந்தைகளுக்கு அந்தப் பாதிப்பு இல்லை. ஆக, பதற்றத்தோடு வீட்டுப்பாடத்துக்கு உட்காராதீர்கள். அந்த வேலையை வீட்டில் வேறு யாராவது பார்க்கட்டும். நீங்கள் விளையாட்டில், அளப்பதில், எண்ணுவதில் கூட இருங்கள். "எனக்கும் கணக்கு வராது, நம்ம குடும்பத்துக்கே வராது" என்ற ஆறுதலை மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள். குழந்தை அதைத் தன் விதியாக எடுத்துக்கொள்ளும்.

பெண் குழந்தைகளுக்கு ஆர்வம் குறைவு என்கிறார்களே?

ஆர்வத்தை நாம்தான் குறைக்கிறோம். லின் பியன், சாரா-ஜேன் லெஸ்லி, ஆண்ட்ரே சிம்பியன் மூவரும் அமெரிக்காவில் செய்து 2017-ல் வெளியிட்ட ஆய்வு என்னை மிகவும் வருத்தியது. "ரொம்ப ரொம்பப் புத்திசாலி" யார் என்று கேட்டால், ஐந்து வயதில் பெண் குழந்தைகள் பெண்களையும் ஆண் குழந்தைகள் ஆண்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் சுட்டினார்கள். ஆறு வயதுக்குள் பெண் குழந்தைகள் தங்கள் பாலினத்தைச் சுட்டுவது குறைந்துவிட்டது. "ரொம்பப் புத்திசாலிகளுக்கான விளையாட்டு" என்று சொன்னதும் விலகிப்போகவும் தொடங்கினார்கள். ஒரே ஒரு வருடத்தில்! அந்த ஒரு வருடத்தில் அவர்கள் காதில் என்னென்ன விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கட்டைகளை அண்ணனுக்கும் பொம்மையைத் தங்கைக்கும் பிரித்துக் கொடுப்பதை இன்றே நிறுத்தலாம்.

எவ்வளவு முயன்றாலும் எண்கள் பிடிபடவே இல்லை. என்ன செய்வது?

ஆறு, ஏழு வயதிலும் சின்ன எண்களில் எது பெரிது என்று சொல்லத் தடுமாறினால், நேற்றுத் தெரிந்தது இன்று முழுவதும் மறந்துபோனால், டிஸ்கால்குலியா என்ற கற்றல் சிக்கல் இருக்கலாம். நூறு குழந்தைகளில் ஏறத்தாழ மூன்று முதல் ஏழு பேருக்கு இது இருக்கும் என்று கணிக்கிறார்கள். அறிவுக் குறைவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சோம்பேறித்தனமும் அல்ல. முதலில் கண், காது இரண்டையும் பரிசோதியுங்கள். அப்புறம் கற்றல் சிக்கல்களில் பயிற்சி பெற்ற வல்லுநரிடம் காட்டுங்கள். காத்திருந்து பார்ப்பதில் ஒரு லாபமும் இல்லை.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

தனியாக நேரம் எதுவும் வேண்டாம். படி ஏறும்போது எண்ணலாம். துவைத்த சாக்ஸை ஜோடி சேர்க்கச் சொல்லலாம். வாளி நிறைய எத்தனை குவளை தண்ணீர் பிடிக்கும் என்று கேட்டுவிட்டு ஊற்றிப் பார்க்கலாம். குழந்தை "இருபது" என்று சொல்லி, ஒன்பதிலேயே வாளி நிறைந்துவிட்டால், உடனே விளக்கம் சொல்ல வாயைத் திறக்காமல் கொஞ்ச நேரம் அதன் முகத்தைப் பாருங்கள். அடுத்து அது என்ன கேட்கிறதோ, அங்கிருந்து நீங்கள் பேச்சைத் தொடங்கலாம்.